ஆன்டிபாடியின் நிஜ வடிவத்தைப் பிரவுசரிலேயே பார்ப்பது எப்படி

பாடப்புத்தகத்தில் ஆன்டிபாடியை, அதாவது கிருமியைப் பிடிக்க நம் உடல் செய்யும் புரதத்தை, 'ஒய்' எழுத்து மாதிரி வரைந்திருப்பார்கள், இரண்டு கையும் அளந்து வைத்தது போல விரிந்திருக்கும். நிஜத்தில் அது அவ்வளவு ஒழுங்கான ஆள் இல்லை. நீங்களே பார்த்துவிடலாம், எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம்.

புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆர்சிஎஸ்பி புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்துக்குப் போங்கள். ஆன்டிபாடி என்று பொதுவாகத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும், அதில் பெரும்பாலானவை வெறும் துண்டுகள். அதனால் நேராக 1ஹெச்இசட்ஹெச் என்ற குறியீட்டை ஆங்கில எழுத்தில் போடுங்கள். எச்ஐவியை மடக்கும் பி12 என்ற மனித ஆன்டிபாடி அது (ஐஜிஜி1 என்ற வகை), முழு உடம்போடு இருக்கும். எக்ஸ்ரே படிகவியலில், அதாவது புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சி, 2.7 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவுகளுக்கான அலகு) நுணுக்கத்தில் கண்டு 2001-இல் வெளியிட்டார்கள்.

முப்பரிமாணக் காட்சியைத் திறந்து, சங்கிலிவாரியாக நிறம் கொடுங்கள் (அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்ததுதான் சங்கிலி, இதில் நான்கு உண்டு). இதைச் செய்யாமல் பார்த்தால் நூல்கண்டு சிக்கிக் கிடப்பது போலத்தான் தெரியும். ஹெச், கே இரண்டும் கனமான சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 450 அமினோ அமிலங்கள். எல், எம் இலேசானவை, அதில் பாதிதான்.

சரி, இப்போது மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு கைகளும் ஒரே கோணத்தில் இல்லை, அடித்தண்டும் நடுவில் நேராக நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். காரணம் கையும் தண்டும் சேரும் இடத்திலுள்ள கீல்பகுதி: நிலையான மடிப்பு எதுவும் இல்லாத வளையும் துண்டு, கதவுக்கீல் என்பதைவிடக் கயிறு என்றே சொல்லலாம். இரத்தத்தில் மிதக்கும்போது கைகள் ஆடிக்கொண்டே இருக்கும், படிகத்தில் சிக்கியது அதில் ஒரு நிலை மட்டும்.

அப்புறம் ஒரு கையின் நுனிக்குப் போங்கள். கிருமியைப் பிடிக்கும் ஆறு கண்ணிகள், அதாவது சங்கிலி வளைந்து திரும்பும் இடங்கள், அங்கேதான், கனமான சங்கிலியிலிருந்து மூன்று, இலேசானதிலிருந்து மூன்று. பி12-இல் கனமான சங்கிலியின் மூன்றாவது கண்ணி விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும். வைரஸின் மேற்புரதத்திலுள்ள குழியைத் தேடிப் போவது அந்த விரல்தான். நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் ஒரே அச்சு, இரண்டு பீட்டா தகடுகளை (சங்கிலி மடிந்து பக்கம்பக்கமாக அடுக்கிய தட்டைப் பகுதிகள்) ஒன்றின்மேல் ஒன்று வைத்தது போன்ற கட்டிகள், மொத்தம் 12.

தண்டின் நடுவே நீலக் கனசதுரங்களும் பச்சை உருண்டைகளும் தெரிந்தால் பிழை என்று நினைக்காதீர்கள், அவை சர்க்கரைகள். ஆஸ்பராஜின் 297-இல், அதாவது 297 என்று எண்ணிட்ட ஆஸ்பராஜின் அமினோ அமிலத்தில், ஒட்டியிருக்கும் என்று படித்திருப்பீர்கள், ஆனால் அந்த எண்ணை வைத்துத் தேடாதீர்கள், ஆன்டிபாடிக்கு எண்ணிடும் முறைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. சர்க்கரையைக் கண்டுபிடித்து, அது ஒட்டியிருக்கும் அமினோ அமிலத்தைக் கிளிக் செய்வதுதான் சுலபம்.

நேரமிருந்தால் பக்கத்து டேபில் 1ஐஜிடி-யையும் திறந்து வையுங்கள். அது எலியின் ஆன்டிபாடி, அதன் கைகள் விரிந்திருக்கும் விதமே வேறு.