வயிற்றுப் பிள்ளைக்காக மனதையும் கிளினிக்கில் காட்டுங்கோ

கிளினிக்குக்குப் போனால் நிறை, பிரஷர், இரும்புச்சத்துக் குளிசை, திரிபோஷ சத்துமா எல்லாம் சரியாக நடக்கும். நித்திரை வருகுதா என்று கேட்டால் மட்டும் "ஒண்டுமில்லை மிஸ்" என்று முடித்துவிடுவோம். 2009இன் இழப்புகளைச் சுமக்கிற வன்னி வீடுகளில் இந்தப் பதில் பழகிப்போன ஒன்று.

பதற்றத்தில் தாய்க்குச் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஓமோனில் பெரும்பகுதியை, பிள்ளைக்குப் போகமுதல் சூல்வித்தகம் (நச்சுக்கொடி) செயலிழக்கச் செய்துவிடும். பதற்றமோ மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீண்டால் அந்தக் காப்புத் தளரலாம். குறைமாதப் பிறப்பு, நிறைக்குறைவு, பிறந்த பிள்ளை ஓயாமல் சிணுங்குவது ஆகியவற்றுக்கான வாய்ப்புக் கூடும். கட்டாயம் நடக்கும் என்றில்லை. ஒருநாள் புருசனோடு சண்டை பிடித்ததற்காகப் பயப்படவும் வேண்டாம்.

இரண்டு வாரமாக மனம் விழுந்தே கிடக்கிறதா? எதிலும் நாட்டமில்லையா? குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது சொல்லுங்கோ. மாமி பக்கத்தில் இருந்தால் வாய் திறக்காது. "படலை வரைக்கும் வாறன் மிஸ்" என்று கூடவே நடந்து போய்ச் சொல்லலாம். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம். ஏற்கெனவே மனநலக் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாக நிறுத்தாமல் டொக்டரைக் கேளுங்கோ. சாக வேண்டும் போல நினைப்பு வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, துணைக்கு ஆளோடு.