ஹால் டிக்கெட் கனவிலிருந்து விழித்துக்கொள்வது எப்படி?

காலேஜ் முடித்து இருபது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மாதத்துக்கு ஒரு தடவையாவது கனவில் பரீட்சைக்கு லேட்டாக ஓடிக்கொண்டிருக்கிறேன். ஹால் டிக்கெட்டைக் காணோம், சட்டைப் பை பையாகத் தேடுகிறேன், வியர்த்துக் கொட்டுகிறது. கனவு வருவதில் ஆச்சரியமில்லை. பகலில் அரை கிலோ தக்காளிக்குத் தராசு முள்ளை உற்றுப் பார்க்கிற நான், அங்கே மட்டும் எதைக் காட்டினாலும் நம்பிவிடுகிறேனே, அதுதான் ஆச்சரியம். "நீதான் எப்பவோ பாஸாகிட்டியே" என்று ஒரு கேள்வி எழுவதே இல்லை.

வாழ்க்கையே கனவுதானா என்று வாதாடி யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கேட்காமல் நம்புகிற குணம் விழித்திருக்கும்போதும் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் காலை. விழிப்பு வந்ததும் புரளாதீர்கள், போனைத் தொடாதீர்கள், புரண்டாலே பாதிக் கனவு போய்விடும். தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்து மூன்று வரி எழுதினால் போதும். கனவுகள் மிகத் தெளிவாக வரும் ரெம் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும், அதனால் விடியற்காலைக் கனவுதான் சுலபமாகக் கையில் மாட்டும். கொஞ்ச நாளில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பகல். "இது கனவா?" என்று பகலிலேயே சோதித்துப் பழகினால், அதே கேள்வி கனவிலும் எழலாம். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்து, வாயையும் மூடிக்கொண்டு மூச்சு விடப் பாருங்கள். விழித்திருந்தால் முடியாது, கனவில் பெரும்பாலும் முடியும். அல்லது ஒரு போர்டைப் படித்து, கண்ணை வேறு பக்கம் திருப்பி, மறுபடி படியுங்கள், கனவில் எழுத்து பெரும்பாலும் மாறியிருக்கும். இதைக் கடமைக்குச் செய்தால் கனவிலும் கடமைக்குச் செய்துவிட்டு "விழித்துத்தான் இருக்கிறேன்" என்று போய்விடுவீர்கள், நிஜமாகவே சந்தேகப்பட வேண்டும். தூங்கிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று ஒருவருக்குத் தெரியவரும் என்பது வெறும் கதையில்லை. 1975ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பதிவு செய்தார். ரெம் தூக்கத்தில் உடம்புத் தசைகள் கட்டுண்டு கிடக்கும், கண் மட்டும் அசையும் என்பதால், தூங்குகிறவரைக் கனவுக்குள்ளிருந்தே, முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமும் ஓட்டிச் சைகை செய்ய வைத்தார்.

இதோடு நிறுத்தினால் பொழுதுபோக்குதான். எனக்கு நிஜமாக உதவியது திருவண்ணாமலையில் ரமணர் சொன்ன வழி. ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் ஓடாமல் "இது யாருக்கு?" என்று கேட்பது, "எனக்கு" என்று பதில் வந்தால் "நான் யார்?" என்று அதன் வேருக்குத் திரும்புவது. நான் அவ்வளவு ஆழமெல்லாம் போகவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் நடுவில் நுழைந்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது, சண்டைக்கு வசனமெல்லாம் தயார். அந்த நேரத்தில் "இது யாருக்கு?" என்று கேட்டதும் கோபம் போய்விடவில்லை, ஆனால் கோபத்தைப் பார்க்கிற ஒருவன் பக்கத்திலேயே நிற்பது தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை இது வாய்த்தாலே பெரிய விஷயம்.

எல்லாம் மாயை என்று சொல்லிவிட்டு வாங்கிய கடனைத் திருப்பித் தராத ஆட்களை எனக்குத் தெரியும், இது அவர்களுக்கான பயிற்சி இல்லை. விழித்திருக்கும்போதே சுற்றியுள்ளதெல்லாம் பொய்போலத் தோன்றி அவதிப்படுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டும் செய்யாதீர்கள்.

போன வாரம் மறுபடி அதே பரீட்சை ஹால். இந்த முறை மூக்கைப் பிடித்தேன், மூச்சு வந்தது. வாசலில் நின்ற சூப்பர்வைசரிடம் தைரியமாக "சார், இது கனவு" என்றேன். "கனவா இருந்தாலும் ஹால் டிக்கெட் வேணும்பா" என்றார். அதுவும் சரிதான் என்று மறுபடி பையைத் துழாவ ஆரம்பித்துவிட்டேன்.