வருமானம் இல்லாத வருடத்துக்கு வருமான வரி ரிட்டர்ன் போடும்போது நடக்கும் தவறுகள்

வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தவர்கள் "சம்பளமே வரவில்லை, எல்லா இடத்திலும் பூஜ்யம் போட்டுவிடலாம்" என்கிறார்கள். சம்பளம் வரவில்லை, சரி. வருமானமுமா வரவில்லை? சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்.டி. வட்டி, டிவிடெண்ட் எல்லாமே வரித் துறைக்கு வருமானம்தான். வருமான வரித் தளத்தில் இருக்கும் ஏஐஎஸ் அறிக்கையையும் (உங்கள் வருமான, பரிவர்த்தனை விவரம்) 26ஏஎஸ் படிவத்தையும் (உங்களிடம் பிடித்த வரியின் விவரம்) பார்க்காமல் ரிட்டர்னைத் தொடவே வேண்டாம். நீங்கள் மறந்துபோன வட்டிகூட அங்கே பதிவாகியிருக்கும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது பி.எஃப். பணத்தில். வேலை போனதும் செலவுக்கு அதைத்தான் எடுக்கிறோம். தொடர்ந்து 5 வருடம் வேலை பார்க்காமல் எடுத்தால், அது பொதுவாக வரிக் கணக்கில் வரும். தொகை 50,000 ரூபாயைத் தொட்டால் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிப்பது வழக்கம். மற்ற வருமானம் குறைவு என்றால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான். எஃப்.டி. வட்டியில் பிடித்ததும் அப்படித்தான்.

வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் (வரியே இல்லாத அளவுக்குள்) இருந்தால் ரிட்டர்ன் கட்டாயமில்லை என்பது பாதி உண்மை. வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தாலோ, மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ, டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலிக்கும் வரி) சேர்த்து 25,000 ரூபாய் ஆகியிருந்தாலோ (மூத்த குடிமக்களுக்கு 50,000) கட்டாயம் போட வேண்டும். வேலைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஐரோப்பா சுற்றிவிட்டு வந்தவர்கள் கவனிக்க.

சும்மா இருந்த காலத்தில் ஷேர் வாங்கி விற்று நஷ்டப்பட்டவர்கள் கெடு தேதிக்குள் போடுவது முக்கியம். அப்போதுதான் அந்த நஷ்டத்தை அடுத்த 8 வருடங்களுக்கு எடுத்துச் சென்று, பின்னால் வரும் ஷேர் லாபத்தில் கழிக்க முடியும். டிசம்பர் 31 வரை தாமதமாகப் போடலாம்தான், ஆனால் இந்தச் சலுகை போய்விடும். இதற்கு ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவமும் ஆகாது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) செய்திருந்தால் அது தொழில் கணக்கு, ஐடிஆர்-3 படிவம்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு யோசனை உண்டு. "லோன் வாங்க உதவும், தொழில் வருமானம் என்று 3 லட்சம் காட்டுங்கள், வரி எப்படியும் வராது" என்பார்கள். இல்லாத தொழிலை ரிட்டர்னில் காட்டுவது பொய் வாக்குமூலம். பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், யோசனை சொன்னவர் இல்லை.

அப்புறம், அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் என்று யாராவது பயமுறுத்தினால், வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்து, மேலே சொன்ன கட்டாயங்களும் இல்லாதவருக்கு அது கிடையாது.