பறக்கிறதை விடுங்கள், இலையைத் திருப்புங்கள்

மட்டக்களப்புக் களுதாவளை மணலில் கொச்சிக்காயும் கத்தரியும் வைக்கிற எனக்கு வெகுகாலம் வெள்ளை ஈ என்றால் ஒரே சாமான்தான். செடியை உலுப்பினால் மாத்தூள் மாதிரிப் பறக்கும், அவ்வளவு. கத்தரிக்கு வாங்கிய மருந்தையே வளவில் நின்ற கொய்யாவுக்கும் அடித்து, ஒரு கச்சான் காலம் முழுக்கக் காசைக் கரைத்தேன். பறக்கிறதை வைத்து இனம் சொல்வது கடினம் என்று அப்புறம்தான் புரிந்தது. இலையின் அடியில் ஒட்டிக் கிடக்கும் குஞ்சைப் பார்க்க வேண்டும்.

விடியக் காலையில், வெயில் ஏறுமுன் போங்கள். 10 மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி போதும். இலையை மெல்லத் திருப்புங்கள். தாய் ஈ முட்டையிடுவது இளம் இலையில். செடி வளர வளர அந்த இலை கீழே போய்விடும். ஆகவே முற்றிய குஞ்சை நடு இலைக்குக் கீழே தேடுங்கள். குஞ்சின் கடைசியான நாலாம் பருவத்தில், செந்நிறக் கண் இரண்டும் தெரிகிற கட்டத்தில் அகப்பட்டால் நல்லது.

கொச்சிக்காய், கத்தரி, வெண்டி, தக்காளி, மரவள்ளியில் இருப்பது பெரும்பாலும் புகையிலை வெள்ளை ஈ. நீளம் சுமார் 1 மில்லிமீற்றர். இறகைக் கூரை போலச் சரித்து வைத்திருக்கும்; நடு இடைவெளியில் மஞ்சள் உடல் தெரியும். குஞ்சும் மஞ்சள், தட்டை. ஓரத்தில் மெழுகு நூல் இராது. கத்தரி மாதிரி மயிருள்ள இலையில் வளர்ந்தால் அதே குஞ்சின் முதுகில் நீண்ட மயிர் வரும், வழுவழுப்பான இலையில் வராது. வேறு இனமென்று ஏமாறாதீர்கள். படித்தவர்களே ஒருகாலம் ஏமாந்து தனித்தனிப் பெயர் வைத்தார்கள். இலைச்சுருள், மஞ்சள் நரம்பு வைரசுகளைக் காவுவதும் இதுதான். அதனால் நாலைந்து ஈ நின்றாலும் நான் சும்மா விடுவதில்லை.

கண்ணாடி வீட்டு வெள்ளை ஈ குளிர் ஊர்ப் பூச்சி. இறகு தட்டையாகப் படிந்திருக்கும்; குஞ்சு செங்குத்துச் சுவருள்ள கேக் துண்டு போல, மெழுகு நூல்களோடு. எங்கள் வெக்கையில் நான் கண்டதில்லை.

கொய்யா, வாழை, தென்னையில் கதை வேறு. நுளம்புச் சுருள் மாதிரி வளைந்த வெள்ளை மெழுகுக் கோடு கண்டால் அது சுருள் வெள்ளை ஈ வகை. ஈயும் பெரிது, 2 மில்லிமீற்றருக்கு மேல். இறகில் மங்கலான பழுப்புப் பட்டை, தொட்டாலும் சோம்பலாக அசையும் என்றால், அந்த வகையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்கிற தென்னை ஈயாக இருக்கலாம்; மத்திய அமெரிக்காவின் பெலீசிலிருந்து 2004இல் புது இனமாக விவரிக்கப்பட்டது அது. சுருளுக்குப் பதில் பஞ்சுக் கூடு கட்டி, அதற்குள் 1 மில்லிமீற்றர் ஈ, இறகில் குறுக்கு மறுக்காகச் சாம்பல் கோடு என்றால் கூடுகட்டி வெள்ளை ஈ. தேசிக்காய் இலையில் வெள்ளை விளிம்போடு கறுப்புக் குஞ்சு கிடந்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான், பெயர் மட்டும் கறுப்பு ஈ.

குஞ்சு இருந்த வெறுங்கூட்டையும் பாருங்கள். ஈ வெளியேறினால் ஆங்கில 'T' எழுத்துப் போலக் கீறல் இருக்கும். வட்டத் துளை என்றால் ஈக் குஞ்சைத் தின்று நமக்கு உதவுகிற சின்னக் குளவி வெளியேறியிருக்கிறது. அந்த மரத்துக்கு நான் மருந்து அடிக்கமாட்டேன்.

இனத்தை உறுதியாகச் சொல்ல, குஞ்சின் பின்முனையில் தேன்கழிவு வெளியேறும் குழியை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். அதற்கு இலையைக் கடதாசி உறையில் வைத்து, பயிரும் திகதியும் எழுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். என் முதல் இலை பொலித்தீனில் வியர்த்து அழுகிப் போனது. "அக்கா, இதுல பூஞ்சணம்தான் கிடக்கு, ஈயைக் காணல்ல" என்றார் அவர்.