புள்ளியை எண்ணாதீர்கள், தோளைப் பாருங்கள்: நீளக்கொம்பு வண்டுகளை இனம் பிரிப்பதில் நேரும் தவறுகள்

கறுத்துப் பளபளக்கும் உடல், அதன்மேல் சிதறிய வெண்புள்ளிகள், கறுப்பும் நீலவெண்மையும் மாறிமாறி வரும் நீண்ட உணர்கொம்புகள் என்ற வருணனை அனோப்ளோஃபோரா கிளாப்ரிபென்னிஸ், அனோப்ளோஃபோரா சைனென்சிஸ் ஆகிய இரண்டு வண்டுகளுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். மரத்தைத் துளைத்துக் கெடுக்கும் இவை கிழக்காசியாவைச் சேர்ந்தவை. இவற்றில் முன்னது மரப்பெட்டிகளின் வழியாக அமெரிக்காவுக்குப் போய் 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிடிபட்டது. பின்னது 2000இல் இத்தாலியின் லொம்பார்டியில் தென்பட்டது. கிளாப்ரிபென்னிஸ் தண்டின் மேற்பகுதியிலும் பெருங்கிளைகளிலும் முட்டையிட, சைனென்சிஸ் பெரும்பாலும் அடிமரத்தையும் மண்ணுக்கு மேல் தெரியும் வேர்களையும் நாடுகிறது. ஆகவே பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால், கிளைகளில் ஏறித் தேட வேண்டியவர்கள் வேரடியைக் கிளறிக்கொண்டிருப்பார்கள்.

புதிதாகப் பார்ப்பவர் செய்யும் முதல் தவறு புள்ளிகளை எண்ணுவதுதான். இந்தப் புள்ளிகள் உடலோட்டின் நிறமல்ல; நுண்ணிய மயிர்கள் அடர்ந்து படிந்த திட்டுகளே. வயதான வண்டில் அவை உரசி உதிர்ந்துவிடும். ஒரே இனத்திலேயே அவற்றின் எண்ணிக்கையும் வடிவமும் வண்டுக்கு வண்டு மாறும். இந்தத் தவறைச் செய்தவர்கள் புதியவர்கள் மட்டுமல்லர். மஞ்சள் புள்ளிகள் கொண்ட கிளாப்ரிபென்னிஸ் வண்டுகள் நோபிலிஸ் என்ற தனி இனமாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டன. அதுபோலவே, மார்பின் முதுகுத்தகட்டில் இரண்டு வெண்திட்டுகள் உள்ள சைனென்சிஸ் வண்டுகளுக்கு மலேசியாக்கா என்ற பெயர் இருந்தது. 2002இல் வெளியான, இவ்விரண்டும் அடங்கும் அனோப்ளோஃபோரா பேரினத்தின் மறுஆய்வு இரண்டையும் அந்தந்த இனத்திற்குள்ளேயே சேர்த்தது. பழைய பெயர்ச்சீட்டுகளில் இப்பெயர்களைப் பார்த்துவிட்டுப் புதிய இனம் கிடைத்ததாக மகிழ வேண்டாம்.

நம்பத்தக்க அடையாளம் மயிரில் இல்லை, ஓட்டில் இருக்கிறது. கடினமான மேலிறக்கைகள் மார்போடு சேருமிடத்தில், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னே, கைலென்ஸை வைத்துப் பாருங்கள். சைனென்சிஸாக இருந்தால் அங்கே ரவையைத் தூவி ஒட்டியதுபோல் சிறு புடைப்புகள் நெருங்கி நிற்கும். கிளாப்ரிபென்னிஸில் அந்த இடம் மழமழவென்றிருக்கும். மழமழத்த இறக்கை என்பதே அந்த லத்தீன் பெயரின் பொருளும். ஆனால் இங்கும் ஒரு பொறி உண்டு: கிளாப்ரிபென்னிஸின் இறக்கையில் நுண்குழிகள் இருக்கின்றன, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று தெரியாத புகைப்படத்தில் குழி புடைப்பாகவும் புடைப்பு குழியாகவும் கண்ணுக்குத் தோன்றும். நேர்மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து முடிவு செய்வதைவிட, வண்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து, இறக்கையின் விளிம்புக்கோடு மேடுபள்ளமாகத் தெரிகிறதா என்று பார்ப்பதே சரி.

உணர்கொம்பின் நீளம் பாலினத்தைச் சொல்லுமே தவிர இனத்தைச் சொல்லாது. உடலைவிட இரு மடங்குக்கு மேல் நீண்டிருந்தால் பெரும்பாலும் அது ஆண். உடலின் அளவும் உதவாது, ஏனெனில் புழுப்பருவத்தில் கிடைத்த உணவைப் பொறுத்தே வண்டு பெரிதாகவோ சிறிதாகவோ வெளிவருகிறது.

வட அமெரிக்காவில் வேறொரு குழப்பமும் நேர்கிறது. அங்கே ஊசியிலை மரங்களில் வளரும் மோனோகாமஸ் ஸ்குடெல்லாட்டஸ் என்ற உள்நாட்டு வண்டைப் பலர் அயல்வண்டு என்று எண்ணி அஞ்சுகின்றனர். மேலிறக்கைகள் இரண்டும் கூடுமிடத்தின் உச்சியிலுள்ள சிறு முக்கோணத் தகடு அதில் பளிச்சென்ற வெள்ளையாகவும், கிளாப்ரிபென்னிஸில் கறுப்பாகவும் இருக்கும். உட்கார்ந்திருந்த மரத்தை மட்டும் சான்றாகக் கொள்வது சரியன்று. பைன் மரத்தில் பிறந்த வண்டு மேப்பிள் மரத்தில் இளைப்பாறத் தடையேதும் இல்லை.

மாதிரியைக் கையாளும் விதத்திலும் அடையாளம் அழியலாம். வண்டைக் குத்திவைக்கும் ஊசி வழக்கப்படி வலது மேலிறக்கையில்தான் ஏறும் என்பதால், தோளின் புடைப்புகளை இடப்புறத்தில் பார்ப்பது நல்லது. சாராயத்தில் ஊறிய வண்டின் மயிர்த்திட்டுகள் ஒட்டிப்போய் நிறம் மங்கித் தெரியும். உலரவிட்டுப் பிறகு பாருங்கள். மரத்துக்குள்ளிருந்து புழு மட்டும் கிடைத்திருந்தால், கண்ணால் பார்த்துப் பெயர் சூட்டாமல் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புங்கள்.