மெல்பர்ன் கப் பார்க்கப் போறீங்களா?

நவம்பர் முதல் செவ்வாய், பிற்பகல் 3 மணி. மெல்பர்னில் அன்று அரசு விடுமுறையே உண்டு, ஒரு குதிரைப் பந்தயத்துக்காக! 1861-ல் ஆரம்பித்த பந்தயம் இது.

காரை எடுக்காதீர்கள். நகர மையத்திலிருந்து ஃப்ளெமிங்டன் மைதான வாசலுக்கே சிறப்பு ரயில் விடுவார்கள். மைதான நுழைவு டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள்.

முக்கியமானது, எங்கே நிற்பது என்பது. தூரம் 3,200 மீட்டர், மைதானத்தின் ஒரு சுற்றைவிட அதிகம். அதனால் குதிரைகள் முடிவுக் கம்பத்தை இரண்டு முறை கடக்கும். கிளம்பிய ஒரு நிமிடத்தில் ஒருமுறை, சுற்றி வந்து கடைசியில் ஒருமுறை. 2 மணிக்கே போய்ப் புல்வெளி ஓரத் தடுப்பைப் பிடித்துவிட்டால் இரண்டையும் பார்க்கலாம். முதல் தடவை படம் எடுத்துக்கொள்ளுங்கள்; இரண்டாவது தடவை போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். 24 குதிரைகள் வரை ஓடும் பந்தயம். குளம்புச் சத்தம் காலடி மண்ணில் அதிரும், அதைப் போனில் பிடிக்க முடியாது. எல்லாம் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மெல்பர்ன் வானிலையை நம்பாதீர்கள். காலையில் கொளுத்தும், மதியம் கொட்டும். மெல்லிய மழைக்கோட்டு, சன்ஸ்கிரீன் இரண்டும் வேண்டும். ஊசிக் குதிகால் செருப்பு புல்லில் புதையும். என் மனைவி பாதி நாள் வெறுங்காலோடுதான் நடந்தாள்.

மைதானத்தில் ஃபார் லாப் சிலை இருக்கிறது. 1930-ல் வென்ற குதிரை. கூட்டம் சேருவதற்குள் பார்த்துவிடுங்கள்.