கூட்டாகச் சொத்து வாங்குகிறீர்களா? யாருக்கு என்ன வேலை என்பதை முதலில் எழுதுங்கள்

நாலைந்து பேர் சேர்ந்து வீடோ மனையோ வாங்கும்போது, யார் எவ்வளவு பணம் போடுவது என்பதைத்தான் முதலில் பேசுகிறோம். யார் என்ன வேலை செய்வது என்பது அதைவிட முக்கியம். ஒருவர் பணம் மட்டும் போடுவார். இன்னொருவர் அலைந்து திரிந்து நல்ல சொத்தைக் கண்டுபிடிப்பார். கடன் ஒருவர் பெயரில் இருந்தால், தவணை நின்றதும் வங்கி தேடுவது அவரைத்தான். அந்த ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு; பங்கு பிரிக்கும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், நிர்வாகம். வாடகை வசூல், பழுது பார்ப்பது, வரி கட்டுவது எல்லாம் வருஷக்கணக்கில் தொடரும் வேலை. இதைச் செய்பவருக்கு லாபப் பங்கு போக, மாதம் ஒரு தொகையோ வாடகையில் ஒரு சதவீதமோ தனியாகப் பேசிவிடுங்கள். 'நம்ம ஆள்தானே, பார்த்துக்கொள்வார்' என்று விட்டால் மனக்கசப்புதான் வரும். கணக்கு எழுதுபவரும் நிர்வாகியும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். ஒருவர் செலவு செய்யட்டும், இன்னொருவர் ரசீதைச் சரிபார்க்கட்டும்.

சரி, ஒருவர் பாதியில் விலக நினைத்தால்? அவர் பங்கை வாங்கும் முதல் உரிமை மற்றவர்களுக்கு உண்டா, விலையை யார் மதிப்பிடுவது என்பதையும் பணம் கைமாறும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.